சொந்தத் திடலின் பலம்

கோல் கம்பங்களைப் பிடுங்கித் திடலின் மற்றப் பக்கத்தில் நடச் சொன்னபோது கலந்தர் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

"நட்டாப் போச்சு, கிளாக்கர் ஐயா. சாப்பாடு என்ன மாதிரி?" என்றுதான் கேட்டான்.

கிளாக்கர் செல்வநாயகத்துக்கு எரிச்சல் வந்தது. அன்று பின்னேரம் நாலு மணிக்குச் சிலாவத்துறை அணியோடு பந்தாட்டம். தலைமன்னார் அணிக்குத் தலைவனும் கோல் காவலனும் இந்தக் கலந்தர்தான். இறங்குதுறையில் மூட்டை சுமந்து சுமந்து தோள் இரண்டும் கதவு அகலத்துக்கு விரிந்தவன். ஒரு கிழமையாக அவனிடம் காற்றைப் பற்றிப் பேசியாயிற்று, மணலைப் பற்றிப் பேசியாயிற்று. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கடைசியில் சாப்பாட்டில் வந்து நிற்பான்.

"சாப்பாட்டை நான் பார்க்கிறன். நீர் பந்தைப் பாரும்."

"வாறவங்களுக்குச் சாப்பாட்டில ஒரு குறை இருக்கப்படாது, ஐயா. அது சரியா இருந்தாப் பந்து தன்ட பாட்டுக்குப் போகும். போன வருசம் சிலாவத்துறையில நாலு கோல் விட்டனான். என்ன சாப்பாடு அது."

நாலு கோல் விட்ட வெட்கம் அவன் முகத்தில் மருந்துக்கும் இல்லை. இப்படி ஒரு வயிற்றுக்காரனை நம்பியா என் தலைவிதி கிடக்கிறது என்று செல்வநாயகம் நினைத்தார். அவர் மிகைப்படுத்தவில்லை. அவருடைய தலைவிதி அன்றைய பந்தாட்டத்தில்தான் கிடந்தது.

செல்வநாயகம் சாவகச்சேரிக்காரர். தலைமன்னார் இறங்குதுறையில், இந்தியாவுக்குப் போகிற வருகிற சரக்குக்குக் கடுதாசி எழுதும் கந்தோரில் கிளாக்கர். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதாம் ஆண்டு ஆவணியில் வந்தவர். இப்போது முப்பத்தொன்று ஆடி. அவர் வந்த அன்று பழைய கிளாக்கர் மாற்றலாகிப் போனார். பழையவரின் கதிரையோடு அலுமாரிப் பூட்டின் திறப்பும், திறப்போடு பந்தாட்டக் கழகத்தின் செயலாளர் பதவியும் இவர் தலையில் விழுந்தன. செல்வநாயகம் பிறந்ததிலிருந்து ஒரு பந்தை உதைத்தவர் அல்ல.

மனைவி மனோன்மணி சாவகச்சேரியில் இருந்தாள். கார்த்திகையில் அவர் லீவில் போய்வந்ததில் தலைப்பிள்ளை, இப்போது எட்டாம் மாதம். கிழமைக்கு ஒரு கடிதம் எழுதுவாள். ஒவ்வொரு கடிதத்தின் கடைசி வரியும் "எப்ப வருவியள்" என்றே முடியும். மாற்றம் கேட்டு மூன்று மனு எழுதினார். மூன்றுக்கும் "கவனிக்கப்படும்" என்று மறுமொழி வந்தது.

போன மாதம் கொழும்பிலிருந்து பெரிய துரை வந்தார். பந்தாட்டம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாத மனிதர். வென்றவர்களுக்கு என்று வெள்ளிக் கிண்ணம் கொடுத்தவரும் அவரே. மேசையில் கிடந்த நாலாவது மனுவைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த, பழைய கிளாக்கர் எழுதிவைத்த பந்தாட்டக் கொப்பியையும் பார்த்தார்.

"கிண்ணம் இந்த முறை தலைமன்னாருக்கு வரட்டும். திடலில் வைத்தே கையெழுத்துப் போடுகிறேன். அன்று பின்னேர ரயிலிலேயே நீ வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

உண்மையில் இதில் பயப்பட ஒன்றுமே இருக்கவில்லை. கொப்பியில் எட்டு வருட விபரம் இருந்தது. பந்தாட்டம் ஒரு வருடம் தலைமன்னாரில், மறு வருடம் சிலாவத்துறையில். தலைமன்னாரில் நடந்த நாலிலும் தலைமன்னார் வென்றது. சிலாவத்துறையில் நடந்த நாலிலும் சிலாவத்துறை வென்றது. ஒரு முறைகூடப் பிசகவில்லை. இந்த வருடம் தலைமன்னாரின் முறை. வேறு ஒருவராக இருந்தால் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுச் சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிப் படுத்திருப்பார்.

செல்வநாயகமும் பெட்டியைக் கட்டினார். அதைக் காலையிலேயே ஸ்டேசன் மேடையில் கொண்டுபோய் வைத்தும்விட்டார். இந்தியக் கப்பலில் வந்த ஒருவரிடம் வாங்கிய கிலுகிலுப்பை ஒன்றைப் பெட்டிக்குள் வேட்டிகளுக்கு நடுவே பத்திரப்படுத்தியிருந்தார். ஆனால் சும்மா படுத்திருக்க அவரால் முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்குப் பரிசு வாங்கியவர். ஒன்று நடந்தால் அது ஏன் நடக்கிறது என்று தெரியாமல் அவருக்கு நித்திரை வராது.

சொந்தத் திடலில் மட்டும் ஏன் வெல்கிறார்கள்?

பழைய கிளாக்கரின் கொப்பியில் இதற்கு விடை இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் ஆட்டத்தைப் பற்றி இரண்டே வரி. அதன் கீழே மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி அரைப் பக்கம். நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பொரியல், வட்டிலப்பம், ஆறு பேர் சுற்றியிருந்து கை வைக்கிற சஹன் தட்டு எத்தனை, யார் யார் இரண்டாம் முறை சோறு வாங்கினார்கள் என்பது வரை. செல்வநாயகம் சைவச் சாப்பாட்டுக்காரர். அந்த அரைப் பக்கங்களை மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டினார். பிறகு தானே யோசித்து மூன்று காரணங்களைக் கண்டுபிடித்தார். வருகிறவன் பயணத்தில் களைத்துப்போகிறான். இங்கத்தை மணலும் காற்றும் அவனுக்குப் பழக்கமில்லை. சுற்றி நிற்கிற சனமும் அவனுக்கு எதிராகக் கத்துகிறது.

காரணம் தெரிந்த பிறகு அதை இரண்டு மடங்காக்குவதுதானே புத்திசாலித்தனம். கம்பங்களை மாற்றி நடச் சொன்னது அதற்காகத்தான். ஆடி மாதச் சோளகக் காற்று இதுவரை திடலுக்குக் குறுக்கே அடித்துக்கொண்டிருந்தது. இனி ஒரு கோலிலிருந்து மற்றக் கோலுக்கு நேராக அடிக்கும். பிற்பாதியில் காற்று தலைமன்னாரின் முதுகுப் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் பந்தைத் தொட்டாலே போதும்.

அடுத்ததாக உம்மு குல்சூமின் வீட்டுக்குப் போனார். திடலுக்கு அடுத்த வளவு அவளுடையது. ஊரில் எந்தக் கலியாணம் என்றாலும் அவளுடைய கிடாரம்தான் அடுப்பில் ஏறும். அன்றும் அந்தப் பெரிய செப்புக் கிடாரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் இரண்டு ஆடுகள் இறைச்சியாகிக்கொண்டிருந்தன. செல்வநாயகம் சால்வையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"நெய்யை இரண்டு மடங்கா விடுங்கோ, ராத்தா."

"இரண்டு மடங்கா? ஏன் தம்பி?"

"வயிறு நிறைஞ்சவன் ஓடமாட்டான்."

உம்மு குல்சூம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"அவங்க ஓடுவாங்க எண்டு ஆரு உங்களுக்குச் சொன்னது? ஒவ்வொரு தரமும் நல்லாத் திண்டிட்டு, நல்ல பிள்ளையளாத் தோத்துட்டுப் போவாங்க. நீங்க போய் உங்கட கந்தோர் வேலையைப் பாருங்க."

அவள் சொன்னது தன் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது என்று செல்வநாயகம் மகிழ்ந்தார். உண்ட களையையும் நாலாவது காரணமாகக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

பயணக் களைப்புக்கான ஏற்பாட்டை அவர் இரண்டு கிழமைக்கு முன்னரே செய்துவிட்டார். சிலாவத்துறையார் வள்ளத்தில் மன்னாருக்கு வந்து, அங்கே ரயில் ஏறி, இறங்குதுறை ஸ்டேசனில் இறங்குவது வழக்கம். அங்கிருந்து திடல் கூப்பிடு தூரம். அவர்களின் தலைவர் மஹ்மூதுக்குச் செல்வநாயகம் ஒரு கடிதம் போட்டார். இம்முறை ஒரு ஸ்டேசனுக்கு முன்னால், ஊர் ஸ்டேசனில் இறங்குங்கள், உங்களை வரவேற்க ஆள் வருவார்கள் என்று. ஆள் அனுப்பும் எண்ணம் அவருக்கு இல்லை. ஒன்றரை மைல் சுடுமணல். நடந்து வரட்டும்.

சனத்தையும் அவர் விடவில்லை. மத்தியானத்துக்கே எல்லாரும் திடலுக்கு வந்து சத்தம் போட்டுப் பழகவேண்டும் என்று றபான் மேளம் அடித்து அறிவித்தார். பெரிய துரையே வருகிறார் என்றவுடன் ஊரே வீடுகளைச் சாத்திவிட்டு வந்து சேர்ந்தது. பதினொரு மணிக்குத் தொடங்கிய கூச்சலில் கடற்காகம் ஒன்றுகூட அந்தப் பக்கம் இறங்கவில்லை.

ரயில் பதினொன்றரைக்கு வந்தது. பன்னிரண்டு ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. சிலாவத்துறையாரைக் காணவில்லை.

கலந்தர் ஓடிவந்தான். "ஐயா, அவங்கள் எங்க? சோறு இறக்கியாச்சு. ராத்தா பார்த்துக்கொண்டு இருக்கிறா."

"ஊர் ஸ்டேசனில இறங்கி நடந்து வருகினம்."

"நடந்தா? விருந்தாளியளை நடக்க விட்டீங்களா?" கலந்தரின் முகம் கறுத்துவிட்டது. "நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

"நீர் விளையாடுற ஆள். வெய்யிலுக்குள்ள அலையப்படாது. நான் போறன்."

சொன்னாரே தவிர உடனே போகவில்லை. களைப்பு இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று இரண்டு மணி வரை கந்தோரில் இருந்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு வெளிக்கிட்டார். ஊர் ஸ்டேசனில் ஒருவரும் இல்லை. வழியில் வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. வழி கேட்கவோ ஒரு மிடறு தண்ணீர் கேட்கவோ ஓர் உயிர் இல்லை. எல்லாரையும் திடலுக்கு அழைத்தது தான்தான் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. மணலில் கிடந்த கால் தடங்களைப் பிடித்துக்கொண்டு போனார். தடங்கள் திடலுக்கு நேர் எதிராகத் தீவின் முனைப் பக்கம் போயின.

முனையில், இதற்கு மேல் நிலம் இல்லை என்கிற இடத்தில், பதினொரு பேரும் ஒரு பனை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். லுஹர் என்கிற மத்தியானத் தொழுகையையும் அந்த மணலிலேயே முடித்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் ஆதாம் பாலத்து மணல் திட்டுகளைப் பிடித்து இந்தியாவுக்கே போயிருப்பார்கள்.

மஹ்மூது எழுந்து வந்து கை கொடுத்தார். நாற்பது வயது, சங்கு குளிக்கிறவர். கடலுக்கடியில் நெடுநேரம் மூச்சை அடக்கிப் பழகிய நெஞ்சு. இத்தனை தூரம் மணலில் நடந்ததற்கு அந்த நெஞ்சில் ஓர் அடையாளமும் இல்லை. பயணக் களைப்பைப் பற்றிய கணக்கில் செல்வநாயகம் இதைச் சேர்க்கவில்லை.

"வழி பிழைச்சுப் போச்சு, ஐயா. குறை நினைக்காதேங்க" என்று மஹ்மூதுதான் மன்னிப்புக் கேட்டார்.

செல்வநாயகத்துக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் மனோன்மணியை நினைத்துக்கொண்டு கூச்சத்தை விழுங்கினார்.

திடலுக்குக் கிட்ட வரும்போது மணி மூன்றே முக்கால். துரை கதிரையில் உட்கார்ந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மணி ரயிலில் அவர் திரும்பவேண்டும். உம்மு குல்சூமின் வளவிலிருந்து நெய்ச்சோற்று வாசம் காற்றில் வந்தது. பதினொரு மூக்குகளும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பின. செல்வநாயகம் கவனித்தார். விடியச் சாப்பிட்ட ஆட்கள். காலையில், நிறைந்த வயிறு ஓடாது என்று கணக்குப் போட்டவர், இப்போது வெறும் வயிறு அதைவிட ஓடாது என்று கணக்குப் போட்டார். இரண்டும் சரியாகவே வந்தன.

"மஹ்மூது, நேரம் போச்சு. துரை பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் விளையாடுவம். சாப்பாடு பிறகு வைப்பம்."

மஹ்மூது நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் வந்த பத்துப் பேரும் நின்றார்கள்.

"சாப்பாடு பிறகா?"

"ஓம்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்லுறீங்களா, கிளாக்கர் ஐயா? ஒரு பிடி எண்டாலும்..."

"ஒரு பிடியும் வேண்டாம். பிறகு ஆறுதலாச் சாப்பிடலாம்."

"சரி. உங்கட ஊர், உங்கட விருப்பம்" என்று சொல்லிவிட்டு மஹ்மூது சாரத்தை அவிழ்த்துக் காற்சட்டையை இறுக்கிக்கொண்டார். தன் ஆட்கள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். அவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது போல் செல்வநாயகத்துக்குத் தோன்றியது. பசி மயக்கம் என்று நினைத்தார்.

கோலடியில் நின்ற கலந்தர் தூரத்திலிருந்தே கேட்டான். "ஐயா, சாப்பிட்டாங்களா?"

உண்மையைச் சொன்னால் இவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பந்தி விரிப்பான். "சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு. தொண்டை முட்ட" என்றார் செல்வநாயகம்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் கலந்தர். "அப்ப இனிப் பயமில்லை." கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு கோல் கம்பத்தில் ஆறுதலாகச் சாய்ந்தான்.

பேசாலைக்காரரான கிறகரி விசில் ஊதினார். இரண்டு ஊருக்கும் பொதுவான ஆள் வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் அவரைத்தான் அழைப்பார்கள்.

ஐந்தாவது நிமிடத்தில் மஹ்மூது நடுத் திடலிலிருந்து ஓர் உதை விட்டார். பெரிய உதை ஒன்றும் இல்லை. கலந்தர் கையை நீட்டினால் போதும். ஆனால் கலந்தர் கையை நீட்டவில்லை. பந்து தனக்கு வராது என்று முழுக்க நம்பியவனைப் போல் அது வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மீன் வலையை இரண்டாக மடித்துக் கட்டிய கோல் வலைக்குள் பந்து போய் விழுந்தது.

கலந்தர் பந்தைப் பார்த்தான். பிறகு மஹ்மூதைப் பார்த்தான். சொந்தச் சகோதரன் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனதைப் பார்ப்பவன் போல இருந்தது அந்தப் பார்வை.

"மஹ்மூது காக்கா, என்ன இது?"

"கோல்" என்றார் மஹ்மூது.

தலைமன்னார் ஆட்களும் பந்தை உதைக்காமல் இல்லை. ஆனால் எட்டு வருடமாகக் குறுக்குக் காற்றுக்குக் கணக்குப் பார்த்து உதைத்த கால்கள். கோல் இருந்த பழைய இடத்துக்கே பந்தை உதைத்தன. பழைய இடத்துக்குப் பின்னால் கடல். மூன்று முறை பந்து கடலுக்குள் போயிற்று. மூன்று முறையும் வள்ளம் இறக்கி எடுத்துவந்தார்கள். காற்றைத் திருப்பிவிட்டதில் சொந்தத் திடல் சொந்தக்காரர்களுக்கே புதுத் திடலாகிவிட்டது. சிலாவத்துறையாருக்கோ எந்தத் திடலும் புதுத் திடல்தான். அவர்கள் கோல் எங்கே இருக்கிறது என்று பார்த்து அங்கே உதைத்தார்கள்.

இரண்டாவது கோலும் விழுந்தது.

"கத்துங்கோ. எல்லாரும் கத்துங்கோ" என்று செல்வநாயகம் சனத்திடம் ஓடினார். பதினொரு மணியிலிருந்து கத்திய சனத்திடம் தொண்டை மிச்சம் இருக்கவில்லை. காற்றுப் போன துருத்தி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதுவும் கொஞ்ச நேரந்தான். மணலில் நடந்து கால் கொப்புளித்த சிலாவத்துறைப் பொடியன் ஒருவன் நொண்டி நொண்டிப் பந்தைக் கொண்டு போவதைக் கண்டதும் பெண்கள் பக்கத்திலிருந்து "ஐயோ, பாவம்" என்று ஒரு குரல் எழுந்தது. அதன் பிறகு ஊர் முழுதும் அவனுக்காகக் கை தட்டத் தொடங்கியது. கைகள் இன்னும் களைக்கவில்லை.

பாதி நேரத்தில் கலந்தர் செல்வநாயகத்தைத் தனியே இழுத்துக்கொண்டு போனான்.

"உண்மையாச் சாப்பிட்டாங்களா?"

"ஓம் எண்டு சொல்லுறன் அல்லோ."

"எவ்வளவு?"

"இதென்ன கேள்வி? வயிறு முட்ட."

கலந்தர் தலையைச் சொறிந்தான். "இறைச்சி வேகேல்லையோ?"

"நல்லா வெந்தது."

"உப்புக் குறைஞ்சிட்டோ தெரியேல்லை" என்று முணுமுணுத்துக்கொண்டு கோலுக்குத் திரும்பினான். இரண்டு கோல் பின்னால் நிற்கிற நேரத்தில் உப்பைப் பற்றிப் பேசுகிற இந்த மனிதனை அப்படியே கடலில் தள்ளினால் என்ன என்று செல்வநாயகம் நினைத்தார்.

அவர் நம்பியிருந்தது பிற்பாதிக் காற்றைத்தான். ஆட்டம் இடையில் நிற்காமல் நடந்திருந்தால் காற்றும் கிடைத்திருக்கும். வள்ளம் இறக்கிப் பந்து எடுத்ததிலும், துரைக்குத் தேத்தண்ணி கொடுத்ததிலும் நேரம் போய், பொழுது சாய, சோளகம் அடங்கிவிட்டது. துரையின் மேசையில் இருந்த கடுதாசிகூட அசையவில்லை. அது செல்வநாயகத்தின் மாற்றக் கடுதாசி. பக்கத்தில் பேனையும் இருந்தது.

மூன்றாவது கோல். நாலாவது கோல். நாலாவதுக்குக் கலந்தர் கையை நீட்டினான்; ஆனால் மனமில்லாமல், மரியாதை தெரியாத ஒருவனுக்குக் கை கொடுப்பது போல நீட்டினான். பந்து கைக்குக் கீழால் போயிற்று.

கிறகரி கடைசி விசில் ஊதினார். நாலுக்கு ஒன்றுமில்லை.

துரை எழுந்து மஹ்மூதிடம் கிண்ணத்தைக் கொடுத்தார். எட்டு வருடத்தில் முதல் முறையாக வெளியூர் அணி வென்றது என்று அவருக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. கடுதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அடுத்த வருடம் சிலாவத்துறையில் அல்லவா? அங்கே நீங்கள் வெல்வது கடினம். அதற்கு அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று செல்வநாயகத்தின் தோளில் தட்டிவிட்டு ரயிலுக்குப் போனார்.

அதற்கு அடுத்த வருடம். அப்போது பிள்ளை ஓடித் திரியும். யாரோ ஒருவரைக் காட்டி அப்பா வந்திருக்கிறார் என்று சொன்னால் மனோன்மணியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். செல்வநாயகத்துக்கு அழுகை வந்தது. சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஸ்டேசன் மேடையில் வைத்த பெட்டியை யாரோ திருப்பிக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். இறக்கும்போது உள்ளே கிலுகிலுப்பை சத்தம் போட்டது.

எங்கே பிழை வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. களைக்க வைத்தார், களைக்கவில்லை. காற்றைத் திருப்பினார், காற்று நின்றுவிட்டது. சனத்தைக் கத்த வைத்தார், சனம் எதிரிக்குக் கை தட்டியது. ஒன்றும் செய்யாமல் இருந்த நாலு முறையும் வென்ற திடல், எல்லாம் செய்த அன்று கவிழ்ந்துவிட்டது.

ஆறு மணி ரயில் கூவிக்கொண்டு போயிற்று. அந்தச் சத்தம் அடங்கியபோது உம்மு குல்சூமின் வளவில் பாய் விரித்தாயிற்று. சிலாவத்துறையார் கை கழுவிவிட்டுச் சஹன் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கலந்தர் அவர்களைப் பார்த்து வாய் பிளந்து நின்றான்.

"திரும்பவும் சாப்பிடப் போறாங்களா?"

கலந்தர் போய்க் கிடாரத்தின் மூடியைத் தூக்கினான். நெய்ச்சோறு கழுத்துவரை நிறைந்து, ஒரு கரண்டி பட்ட அடையாளம்கூட இல்லாமல் இருந்தது. மூடியைக் கையில் பிடித்தபடியே அவன் செல்வநாயகத்தின் பக்கம் திரும்பினான்.

"சாப்பிட்டாச்சு எண்டு சொன்னீங்க."

"பசியோட எண்டா ஓடமாட்டினம் எண்டு நினைச்சன்" என்றார் செல்வநாயகம். அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை.

கலந்தர் மூடியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு மஹ்மூதின் முன்னால் போய்க் குந்தினான்.

"காக்கா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க. நீங்க சாப்பிட்டீங்க எண்டு நினைச்சுத்தான் உங்களை அப்படிப் பார்த்தனான். மனசுக்குள்ள ஏசியும் போட்டன்."

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை" என்றார் மஹ்மூது. "பட்டினி கிடக்கிற நாங்கள் கோல் அடிச்சா இவன் ஏன் இப்படிப் பார்க்கிறான் எண்டு. பரவாயில்லை, நீயும் இதில இரி. சோறு ஆறுது."

இருவரும் ஒரே தட்டில் இருந்தார்கள். செல்வநாயகம் ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்தார். இவ்வளவு நேரமும் இவர்கள் பேசியதில் பந்தாட்டம் எங்கே இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"சாப்பாட்டுக்கும் கோலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்.

கலந்தர் தலையைக் குனிந்துகொண்டான். மஹ்மூது சோற்றைப் பிசைந்தார். வாயால் சொல்லக் கூடாத ஒன்றை அவர் கேட்டுவிட்டது போல இருந்தது.

கிடாரத்திலிருந்து சோறு அள்ளிக்கொண்டிருந்த உம்மு குல்சூம்தான் கடைசியில் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு ஊட்டுச் சோத்தைத் திண்டிட்டு அந்த ஊட்டு வலைக்குள்ள எந்த மனுசன் தம்பி பந்தடிப்பான்? இந்த ஊருக்கு நாலு தரமும் கிண்ணம் எடுத்துத் தந்தது கலந்தர்ட கை இல்ல, என்ட கிடாரம்."